இல்லத்தில் துப்பாக்கியும் கைப்பிடிச்சுவர்க் கட்டளையும்

முன்னுரை

கிறிஸ்தவ அறநெறி நூல்கள் போரைக் குறித்தும், மரண தண்டனையைக் குறித்தும், தற்காப்பைக் குறித்தும் விரிவாகப் பேசுகின்றன. ஆனால் படுக்கையறை மேசையின் இழுப்பறையில் தோட்டாக்களுடன் கிடக்கும் ஒரு கைத்துப்பாக்கியைக் குறித்து அவை பேசுவது அரிது. நாடுகளும் மன்னர்களும் ஏந்தும் வாள் இறையியலுக்கு உரிய பொருள் என்றும், வீட்டுக்குள் இருக்கும் ஆயுதம் தனிமனிதனுடைய விருப்பம் என்றும் நாம் எண்ணிக்கொள்வதே இதற்குக் காரணமாகலாம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பணியாற்றும் ஆயர் ஒருவருக்கு இவ்வாறு எண்ணிக்கொண்டிருக்க இயலாது. பியூ ஆய்வு மையம் 2023இல் நடத்திய கருத்தாய்வில், அந்நாட்டில் வயது வந்தோரில் 32 விழுக்காட்டினர் தாம் துப்பாக்கி வைத்திருப்பதாகக் கூறினர். பத்தில் நால்வர் துப்பாக்கி உள்ள வீட்டில் வாழ்கின்றனர். அதே மையத்தின் 2017ஆம் ஆண்டு ஆய்வின்படி, நாட்டு மக்களில் துப்பாக்கி வைத்திருப்போர் 30 விழுக்காடாக இருக்க, வெள்ளையின இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவரிடையே அது 41 விழுக்காடாக இருந்தது. ஆகவே துப்பாக்கி திருச்சபையின் வாசலுக்கு வெளியே நிற்கும் பொருளன்று. திருச்சபை மக்களின் இல்லங்களிலேயே அது இருக்கிறது.

தமிழ் இறையியல் மாணவர்கள் இதனைக் கருதவேண்டியதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, அமெரிக்க மாநிலங்களில் தமிழ்ச் சபைகள் இயங்குகின்றன. நம் கல்லூரிகளில் பயின்றோர் சிலர் அங்கே மேற்படிப்பிற்கும் ஊழியத்திற்கும் செல்கின்றனர். இரண்டாவது, உயிரைப் பறிக்கவல்ல பொருளொன்றை வீட்டில் வைத்திருப்பவன் அவ்வீட்டாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறான் என்னும் கேள்வி துப்பாக்கியோடு முடிந்துபோவதன்று. அது நம் ஊர்களிலும் வேறு உருவில் எழுகின்றது. இக்கட்டுரை முதலில் துப்பாக்கி பற்றிய மனப்பான்மைகளையும், அதன்பின் உண்மை நிலையையும், அடுத்துத் திருமறையின் போதனையையும், இறுதியாக ஆயர் செய்யத்தக்கதையும் முறையே ஆராய முற்படுகின்றது.

1. சட்டப் பின்னணி

இந்தியாவில் வளர்ந்த நமக்கு அமெரிக்கரின் நோக்கு எளிதில் புலப்படாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, இந்தியாவில் உரிமமின்றி எவரும் துப்பாக்கி வைத்திருத்தல் ஆகாது. 2019இல் செய்யப்பட்ட திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. இங்கே ஆயுதம் அரசு தரும் சலுகை. தேவையை மெய்ப்பிக்கவேண்டியவன் விண்ணப்பிப்பவனே.

அமெரிக்காவில் நிலைமை இதற்கு மாறானது. 1791இல் ஏற்கப்பட்ட அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தம், குடிப்படையின் தேவையைச் சுட்டி, ஆயுதம் வைத்திருக்கும் மக்களின் உரிமையைக் காக்கின்றது. இது குடிப்படைக்குரிய உரிமையா, தனிமனிதனுக்குரிய உரிமையா என்று நெடுங்காலம் வாதிடப்பட்டது. 2008இல் உச்ச நீதிமன்றம் ஹெல்லர் வழக்கில், தற்காப்பிற்காகத் தன் இல்லத்தில் கைத்துப்பாக்கி வைத்திருக்கத் தனிமனிதனுக்கு உரிமை உண்டு எனத் தீர்ப்பளித்தது. 2010இல் மற்றொரு வழக்கில் அவ்வுரிமை மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தும் என்றது; 2022இல் அதனை வீட்டிற்கு வெளியேயும் விரிவுபடுத்தியது.

ஹெல்லர் வழக்கில் நீக்கப்பட்ட தலைநகரச் சட்டத்தின் ஒரு பகுதி நமக்கு முக்கியமானது. வீட்டிலுள்ள துப்பாக்கிகள் தோட்டாவின்றியும், கழற்றப்பட்டோ விசை பூட்டப்பட்டோ இருக்கவேண்டும் என அச்சட்டம் விதித்திருந்தது. எந்நேரமும் இவ்வாறே வைத்திருந்தால் தற்காப்பு இயலாது என்பது நீதிமன்றத்தின் கருத்து. இவ்வுரிமை வரம்பற்றதன்று என்றும் அத்தீர்ப்பே கூறியது. எனினும் இல்லத்தில் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் மனச்சாட்சியின் பொறுப்பில் விடப்படும்போது, மனச்சாட்சியை உருவாக்கும் திருச்சபையின் பொறுப்பு பெருகுகின்றது. சட்டம் அனுமதிப்பது எது என்பது ஒரு கேள்வி. அன்பு கேட்பது எது என்பது வேறொரு கேள்வி.

2. மூவகை மனப்பான்மைகள்

துப்பாக்கி வைத்திருப்போர் அனைவரையும் ஒரே தன்மையராகக் கருதுதல் தவறு. குறைந்தது மூவகை மனப்பான்மைகளை நாம் வேறுபடுத்திக் காணலாம்.

(அ) மரபின் வழி வந்த மனப்பான்மை. நாட்டுப்புறங்களில் வேட்டைத் துப்பாக்கி தகப்பனிடமிருந்து மகனுக்கு வரும் உடைமை. அது குடும்ப நினைவோடும், உழைப்போடும், உணவோடும் பிணைந்தது. இத்தகையோர் பலர் ஆயுதத்தைக் கையாள்வதில் கண்டிப்பான ஒழுங்குடையோர். அவர்களை வன்முறையாளர் என எண்ணும் ஆயர், அவர்களுடைய செவியை இழந்துவிடுவார்.

(ஆ) அச்சத்தின் வழி வந்த மனப்பான்மை. துப்பாக்கி வைத்திருப்பதற்கு முதன்மையான காரணம் எது என்று 1999இல் கேட்டபோது, 49 விழுக்காட்டினர் வேட்டையையும் 26 விழுக்காட்டினர் பாதுகாப்பையும் குறிப்பிட்டனர். 2013இல் இது தலைகீழாயிற்று. 48 விழுக்காட்டினர் பாதுகாப்பையும் 32 விழுக்காட்டினர் வேட்டையையும் கூறினர். 2023இல் கேள்வியின் அமைப்பு சற்றே வேறாயினும், பாதுகாப்பு ஒரு பெரிய காரணம் என்றோர் 72 விழுக்காட்டினர். துப்பாக்கி இருப்பதால் தமக்குப் பாதுகாப்பு உணர்வு மிகுகின்றது என்று அவ்வாண்டு 81 விழுக்காட்டு உடைமையாளர் தெரிவித்தனர்.

இவ்வச்சத்தை வீண் என்று தள்ளிவிடலாகாது. 2015 ஜூன் 17ஆம் நாள் சார்ல்ஸ்டன் நகரில், இமானுவேல் ஆப்பிரிக்க மெதடிஸ்டு எப்பிஸ்கோப்பல் சபையின் வேதபாட வகுப்பில் அமர்ந்திருந்த ஒன்பதுபேர், இனவெறி கொண்ட இளைஞன் ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2017 நவம்பர் 5ஆம் நாள் டெக்சாஸ் மாநிலத்தின் சதர்லண்ட் ஸ்பிரிங்ஸ் பாப்திஸ்து ஆலயத்தில் ஞாயிறு ஆராதனையின்போது இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019 டிசம்பர் 29ஆம் நாள் அதே மாநிலத்தில் வைட் செட்டில்மெண்ட் என்னும் ஊரின் ஆலயத்தில் இருவரைச் சுட்டவனை, சபையின் பாதுகாப்புத் தொண்டர் ஒருவர் சில நொடிகளில் சுட்டு வீழ்த்தினார். இந்நிகழ்ச்சிகளை அறிந்த விசுவாசி ஒருவர், "என் பிள்ளைகளைக் காக்க நான் ஆயத்தமாயிருக்க வேண்டாமா?" எனக் கேட்பாரானால், அக்கேள்வியின் பின்னே அன்பு இருக்கின்றது என்பதை ஆயர் ஒப்புக்கொள்ளவேண்டும்.

(இ) துறவின் வழி வந்த மனப்பான்மை. மென்னோனைட்டு சபையார், நண்பர் குழாத்தார் முதலிய சமாதான சபைகள், கொல்லும் கருவியைச் சீடன் ஏந்தலாகாது என்று நூற்றாண்டுகளாகப் போதித்து வருகின்றன. கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் பள்ளியில் 2012 டிசம்பரில் சிறுவர் கொல்லப்பட்டபின், கொலராடோ மாநிலத்தில் மென்னோனைட்டு மரபினர் சிலர், மனமுவந்து ஒப்படைக்கப்படும் துப்பாக்கிகளை உலையில் இட்டுத் தோட்டக் கருவிகளாக அடிக்கும் பணியைத் தொடங்கினர். ஏசாயா தீர்க்கரின் தரிசனம் அங்கே கொல்லனுடைய பட்டறையில் செயலாகின்றது.

மூன்றாம் நிலையே நற்செய்திக்கு மிக அணுக்கமானது என்று நம்மில் பலர் கருதலாம். ஆனால் முதல் இரு நிலைகளில் உள்ளோரும் ஆயரின் மந்தையே. அவர்கள் தம் கருத்தை மாற்றிக்கொள்ளும்வரை அவர்களுடைய வீட்டில் தவழும் குழந்தை காத்திருக்க இயலாது.

3. உண்மை நிலை

வீட்டில் வைத்திருக்கும் துப்பாக்கி யாரைக் காக்கின்றது, யாரைக் கொல்லுகின்றது என்பதை அறியாமல் அறநெறித் தீர்ப்பு வழங்குதல் இயலாது.

2022ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தோர் 48,204 பேர். இவர்களுள் 27,032 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டோர். அதாவது, நாளேடுகளில் பெரிதாக வெளிவரும் கொலைகளைவிட, ஓசையின்றி வீட்டுக்குள் நிகழும் மரணங்களே மிகுதி. மேலும் 2020ஆம் ஆண்டில், ஒன்று முதல் பத்தொன்பது வயதிற்குட்பட்டோரின் மரணத்திற்குச் சாலை விபத்தையும் விஞ்சித் துப்பாக்கியே முதற்காரணமாயிற்று.

துப்பாக்கி உள்ள இல்லங்களில் கொலை நிகழும் வாய்ப்பு ஏறக்குறைய 2.7 மடங்கு மிகுதி என்று 1993இல் கெல்லர்மன் என்னும் மருத்துவரும் உடன் ஆய்வாளரும் வெளியிட்டனர். அதற்கு மறுப்பு எழுந்தது. ஆபத்தில் இருப்போரே துப்பாக்கி வாங்குகின்றனர். ஆகவே ஆபத்திற்குத் துப்பாக்கி காரணமன்று, துப்பாக்கிக்கு ஆபத்தே காரணம் என்றனர் சிலர். இம்மறுப்பு சிந்திக்கத்தக்கதே. பின்னர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கலிபோர்னியா மாநிலத்தில் இரண்டு கோடியே அறுபது இலட்சம் மக்களின் பதிவுகளைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து, 2020இல் முடிவுகளை வெளியிட்டனர். கைத்துப்பாக்கி உடைய ஆண்கள் தற்கொலையால் இறக்கும் வீதம் மற்ற ஆண்களைவிட மூன்று மடங்கிற்கும் மேல். பெண்களிடையே ஏழு மடங்கு. இவ்வேறுபாடு துப்பாக்கியால் நிகழ்ந்த மரணங்களால் வந்ததேயன்றி வேறு வழிகளால் வந்ததன்று.

2022இல் அதே குழுவினர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழும் மற்றவர்களைக் குறித்தது. இவர்கள் கொலையுண்ணும் வீதம் துப்பாக்கியற்ற வீட்டாரைவிட இருமடங்கிற்கும் மேலாயிருந்தது. வாழ்க்கைத் துணையால் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்படும் வீதம் ஏழு மடங்கு. அவ்வாறு இறந்தோரில் பெரும்பாலோர் பெண்கள். அந்நியரால் கொல்லப்படுவதிலிருந்து இவர்களுக்குக் கூடுதல் பாதுகாப்புக் கிடைத்ததற்கு அவ்வாய்வில் சான்று கிட்டவில்லை. தற்காப்பிற்காகத் துப்பாக்கி எத்தனை முறை பயன்பட்டது என்பதில் ஆய்வாளர் மிகவும் வேறுபடுகின்றனர். அத்தகைய நிகழ்ச்சிகள் உண்டு என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயினும் திருடனுக்காக வாங்கிய ஆயுதம் வீட்டாரையே சந்திக்கின்றது என்பதே பொதுவான சித்திரம்.

தற்கொலையைப் பற்றி ஆயர்கள் அறியவேண்டிய உண்மைகள் இரண்டு. ஒன்று, உயிர்விடத் தூண்டும் மிகக் கடுமையான வேளை பெரும்பாலும் குறுகியது. பலருக்கு அது நிமிடங்களிலும் மணிநேரங்களிலும் அளவிடத்தக்கது. இரண்டு, அவ்வேளையைத் தப்பி உயிர்பிழைத்தோரில் பத்தில் ஒன்பதுபேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. துப்பாக்கியோ, பத்தில் ஒன்பதுபேருக்கு இரண்டாம் வாய்ப்பைத் தருவதில்லை. "சாக நினைத்தவன் எப்படியும் சாவான்" என்னும் சொல் உண்மையன்று.

இதனை உறுதிப்படுத்தும் நிகழ்ச்சிகள் உள. இஸ்ரவேல் நாட்டுப் படையில், இளம் வீரர்கள் வார இறுதியில் வீடு செல்லும்போது துப்பாக்கியை முகாமிலேயே விட்டுச் செல்லவேண்டும் என்னும் விதி 2006இல் கொண்டுவரப்பட்டது. அவர்களிடையே தற்கொலை ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தது. நமக்கு அண்மையிலுள்ள இலங்கையில், மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகள் 1990களிலும் பின்னரும் தடைசெய்யப்பட்டதைத் தொடர்ந்து, 1995இல் உச்சத்தை எட்டியிருந்த தற்கொலை வீதம் இருபது ஆண்டுகளில் 70 விழுக்காட்டிற்கும் மேல் தாழ்ந்தது. மனிதரின் துயரம் அங்கே மறைந்துவிடவில்லை. கைக்கெட்டிய தூரத்தில் இருந்த மரணம் சற்றே அப்பால் நகர்த்தப்பட்டது. அவ்வளவில் ஆயிரக்கணக்கானோர் பிழைத்தனர்.

4. திருமறையின் ஒளியில்

அமெரிக்கத் திருச்சபைகளில் இப்பொருள் விவாதிக்கப்படும்போது பெரும்பாலும் எடுத்தாளப்படும் பகுதி லூக்கா 22:36-38. வாளில்லாதவன் தன் வஸ்திரத்தை விற்று ஒன்றை வாங்கட்டும் என்று ஆண்டவர் கூறுகின்றார், சீடர்கள் இரண்டு வாள்களைக் காட்டுகின்றனர், போதும் என்கிறார். இதனை ஆயுத உரிமைக்குச் சான்றாகக் கொள்வோர், சில வசனங்களுக்குப்பின் நிகழ்வதைக் கருதவேண்டும். அவ்வாள் உறையிலிருந்து எடுக்கப்பட்டபோது அது ஓர் ஊழியக்காரனின் காதை வெட்டியது, ஆண்டவர் வெட்டியவனை நிறுத்தி, வெட்டுண்டவனைக் குணமாக்கினார் (லூக். 22:49-51; ஒப்பிடுக: மத். 26:52). இரண்டு வாள்கள் பன்னிருவரைக் காக்கப் போதாதவை என்பதும் வெளிப்படை. ஆகவே இப்பகுதியின்மேல் துப்பாக்கி உரிமையைக் கட்டுதல் மணலின்மேல் கட்டுவதாகும்.

ஆதித் திருச்சபைத் தந்தையரும் தனிமனிதன் தன்னைக் காக்கக் கொல்வதை எளிதில் ஏற்கவில்லை. கள்வன் தாக்கினும் கிறிஸ்தவன் திருப்பித் தாக்குதல் தகாது என்றார் அம்புரோசியார். போர்வீரனுக்கும் பொதுப்பணி ஏற்றவனுக்கும் விலக்களித்த அகுஸ்தீனார், தனிமனிதன் தன் உயிருக்காகப் பிறனைக் கொல்வதை ஏற்கத் தயங்கினார். தோமா அக்குவினா, தன்னைக் காக்கும் நோக்கோடு, தேவைக்கு மிஞ்சாத வலிமையைப் பயன்படுத்துதல் தகும் என்று வகுத்தார். சீர்திருத்த மரபில் வெஸ்ட்மின்ஸ்டர் பெரிய வினாவிடை, அவசியமான தற்காப்பை ஆறாம் கட்டளையின் மீறுதலாகக் கொள்ளவில்லை. ஆகவே தற்காப்பைக் குறித்துத் திருச்சபைக்கு ஒரே குரல் இருந்ததில்லை.

ஆனால் நியாயப்பிரமாணம் இவ்விவாதத்தில் அரிதாகவே கேட்கப்படும் மூன்று விதிகளைத் தருகின்றது.

முதலாவது, யாத்திராகமம் 22:2-3. இரவில் கன்னமிடும் திருடன் அடிபட்டுச் செத்தால் அடித்தவன்மேல் இரத்தப்பழி இல்லை. சூரியன் உதித்தபின் அவ்வாறு நிகழ்ந்தால் இரத்தப்பழி உண்டு. இங்கே தற்காப்பு ஏற்கப்படுகின்றது. உடனே அது வரையறுக்கவும் படுகின்றது. இருளில் வந்தவன் திருட வந்தானா, கொல்ல வந்தானா என்று அறிய இயலாது. பகலில் அறிய இயலும். அறிந்தபின் கொல்லுதல் குற்றம். திருடனுடைய உயிருக்கும் தேவன் கணக்குக் கேட்கின்றார்.

இரண்டாவது, யாத்திராகமம் 21:28-29. மாடு ஒருவனை முட்டிக் கொன்றால் மாட்டுக்குரியவன் குற்றமற்றவன். ஆனால் அது முட்டுகிற மாடு என்று முன்னரே அறிவிக்கப்பட்டும் அவன் அதனைக் கட்டிவைக்காதிருந்தால், பழி அவனையும் சேரும். தன் கையால் செய்யாத கொலைக்கும், அறிந்தும் அசட்டையாயிருந்தவன் பொறுப்பாளி என்பது இதன் உட்பொருள். மிச்சிகன் மாநிலத்தில் 2021 நவம்பரில் பதினைந்து வயது மாணவன் ஒருவன், பெற்றோர் வாங்கிய கைத்துப்பாக்கியால் பள்ளியில் நால்வரைக் கொன்றான். 2024இல் அவனுடைய தாயும் தகப்பனும் தனித்தனி வழக்குகளில் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டுச் சிறைத்தண்டனை பெற்றனர். பள்ளியில் பிள்ளை நிகழ்த்திய இத்தகைய கொலைகளுக்காகப் பெற்றோர் கொலைக்குற்றம் சாட்டப்பட்டுத் தண்டனை பெற்றது அந்நாட்டில் இதுவே முதன்முறை. மோசேயின் விதி கூறிய நீதியை இக்கால நீதிமன்றமும் கண்டுகொண்டது எனலாம்.

மூன்றாவதும், நம் பொருளுக்கு மிக நெருங்கியதுமான விதி உபாகமம் 22:8. புதுவீடு கட்டுகிறவன், எவனும் மேலிருந்து விழுந்து வீட்டின்மேல் இரத்தப்பழி வராதபடி, மெத்தைக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும். இவ்விதியின் நுட்பத்தைக் கவனிப்போமாக. வீட்டுக்காரன் எவனையும் தள்ளிவிடவில்லை. விழுகிறவன் தன் கவனக்குறைவாலேயே விழுந்திருக்கலாம். ஆயினும் சுவர் கட்டாதவன்மேல் இரத்தப்பழி வருகின்றது. மேலும், மெத்தை கட்டலாகாது என்று விதி கூறவில்லை. கட்டுகிறவன் சுவரையும் கட்டவேண்டும் என்கிறது. உடைமையின் உரிமையும் பாதுகாப்பின் கடமையும் அங்கே ஒரே கட்டளையில் இணைகின்றன.

"கொலைசெய்யாதிருப்பாயாக" என்னும் கட்டளையை விளக்கிய சீர்திருத்தத் தந்தையர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். அயலானுக்கு வரும் தீங்கைத் தடுக்கக் கூடியவன் தடுக்காவிடில், அவன் கொலை செய்தவனாகவே எண்ணப்படுவான் என்று லூத்தர் தம் பெரிய ஞானோபதேசத்தில் போதித்தார். ஹைடல்பெர்க் வினாவிடை, பிறனுக்குத் தீங்கு செய்யாமையோடு, தன்னைத்தான் துணிகரமாக ஆபத்திற்குட்படுத்தாமையையும் இக்கட்டளையில் அடக்குகின்றது. எனவே தற்காப்பு தகுமா என்னும் கேள்விக்கு ஒருவர் எவ்விடை கூறினும், கைப்பிடிச்சுவர்க் கடமையிலிருந்து அவர் விடுபடமுடியாது.

5. கைப்பிடிச்சுவர் எது?

இக்காலத்துக் கைப்பிடிச்சுவர் எவ்வாறு இருக்கும் என்பதை மருத்துவ ஆய்வுகள் தெளிவாகக் காட்டியுள்ளன. துப்பாக்கியைத் தோட்டாவின்றி வைத்தல், அதைப் பூட்டி வைத்தல், தோட்டாக்களை வேறிடத்தில் வைத்தல், அவற்றையும் பூட்டி வைத்தல் என்னும் நான்கு நடைமுறைகளில் ஒவ்வொன்றும் இளைஞரின் தற்கொலையையும் சிறுவருக்கு நேரும் விபத்தையும் குறைக்கின்றது என 2005இல் வெளியான ஓர் ஆய்வு நிறுவியது. சாவி எங்கிருக்கின்றது என்பது பிள்ளைகளுக்குத் தெரியாதிருத்தல் இவற்றோடு சேர்க்கத்தக்கது. ஆனால் 2018இல் வெளியான ஒரு நாடளாவிய ஆய்வில், தம் துப்பாக்கிகள் அனைத்தையும் பாதுகாப்பாக வைத்திருப்பதாகக் கூறியோர் 46 விழுக்காட்டினரே.

பெற்றோர் பலர் பூட்டை நம்பாமல் மறைவிடத்தையும் அறிவுரையையும் நம்புகின்றனர். "எங்கே இருக்கிறதென்று என் பிள்ளைக்குத் தெரியாது", "தொடக்கூடாது என்று சொல்லி வளர்த்திருக்கிறேன்" என்பன அவர்கள் கூறும் விடைகள். அலபாமா மாநிலத்தின் நாட்டுப்புறத்தில் 2006இல் வெளியான ஓர் ஆய்வில், பிள்ளைக்கு மறைவிடம் தெரியாது என்ற பெற்றோரில் 39 விழுக்காட்டினரின் கூற்றுக்குப் பிள்ளைகளின் விடை மாறாயிருந்தது. 2001இல் வெளியான மற்றோர் ஆய்வில், எட்டு முதல் பன்னிரண்டு வயதுடைய 64 சிறுவர்கள், இழுப்பறையில் சுடவியலாத நிலையில் உண்மையான கைத்துப்பாக்கி ஒன்று வைக்கப்பட்டிருந்த அறையில் சிறு குழுக்களாக விடப்பட்டனர். அதைக் கண்டெடுத்த 48 பேரில் 30 பேர் அதைக் கையாண்டனர். 16 பேர் விசையை இழுத்தனர். கையாண்டவர்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் துப்பாக்கிப் பாதுகாப்புப் பற்றிய அறிவுரையை முன்னரே பெற்றவர்கள். சிறுவனின் ஆவலை அறிவுரை மட்டும் வெல்லாது. மோசேயின் விதியும் மெத்தையின் ஓரத்திற்குப் போகாதே என்று பிள்ளைக்குச் சொல்லவில்லை. சுவரைக் கட்டு என்று வீட்டுக்காரனுக்கே சொல்லுகின்றது.

நள்ளிரவில் திருடன் வந்தால் பூட்டைத் திறந்துகொண்டிருக்க நேரமேது என்னும் எதிர்வாதம் உண்டு. உரியவரின் விரல் பட்டோ, குறியீட்டெண் அழுத்தியோ சில நொடிகளில் திறக்கும் சிறு பெட்டகங்கள் இன்று கிடைக்கின்றன என்பது இதற்கு ஒரு விடை. என்றோ வரக்கூடிய திருடனுக்காக, நாள்தோறும் வீட்டில் இருக்கும் பிள்ளையை ஆபத்தில் வைப்பது எவ்வகை அன்பு என்று கேட்பது அறநெறி சார்ந்த விடை.

ஆனால் பூட்டும் போதாத வேளைகள் உண்டு. வீட்டிலுள்ள ஒருவர் ஆழ்ந்த மனச்சோர்வில் இருக்கும்போது, மணமுறிவின்போது, வேலை இழந்தபோது, மதுவின் பிடியில் இருக்கும்போது, முதியவர் ஒருவர் நினைவாற்றலை இழந்துவரும்போது, துப்பாக்கி அவ்வீட்டைவிட்டே சிறிது காலம் அகலவேண்டும். சாவியைக் கையில் வைத்திருப்பவரே துயருற்றவராயின், பூட்டினால் பயனில்லை. 2009இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரே வாரத்திற்குள் மூவர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, வாங்கிய சில மணிநேரத்தில் உயிர்துறந்தனர். அதன்பின் கடைக்காரர்களும் பொதுநல மருத்துவத் துறையினரும் ஒன்றுகூடி, துயருற்ற வாடிக்கையாளரை அடையாளங் காணவும், நண்பருடைய துப்பாக்கியை இக்கட்டு நீங்கும்வரை வாங்கி வைத்துக்கொள்ளவும் மக்களைப் பழக்கும் முயற்சியைத் தொடங்கினர். அது பின்னர் வேறு பல மாநிலங்களுக்கும் பரவிற்று. துப்பாக்கி வணிகரே இதனைச் செய்யக்கூடுமாயின், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்க அழைக்கப்பட்ட திருச்சபை இன்னும் எவ்வளவாய்ச் செய்யவேண்டும்!

6. ஆயர் பணிக்குரிய கருத்துகள்

முதலாவது, ஆயர் கேட்கப் பழகவேண்டும். மனச்சோர்வுற்ற ஒருவரைச் சந்திக்கையில், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேராகவும் கனிவாகவும் கேட்பது அவ்வெண்ணத்தை விதைப்பதாகாது. அடைபட்ட துயரத்திற்கு அது வாசலைத் திறக்கின்றது. அடுத்து, "வீட்டில் துப்பாக்கி உண்டா? அதைச் சில வாரம் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் கொடுத்து வைக்கலாமா?" என்று கேட்கவேண்டும். வேறொருவரிடம் ஒப்படைப்பதில் சில மாநிலங்களில் சட்ட விதிகள் உண்டாதலால் அவற்றை ஆயர் முன்னரே அறிந்திருத்தல் நன்று. 2022 முதல் அமெரிக்காவில் 988 என்னும் எண்ணில் எந்நேரமும் ஆலோசனை பெறலாம் என்பதையும் தெரிவிக்கலாம்.

இரண்டாவது, உரிமை பற்றிய வாதத்தையும் பாதுகாப்புப் பற்றிய அறிவுரையையும் வேறுபடுத்திப் பேசவேண்டும். முன்னதில் சபை பிளவுபடலாம். பின்னதில் பெரும்பாலும் ஒன்றுபடும். வேட்டைக்காரராகிய மூப்பர் ஒருவரே பூட்டின் தேவையைப் பற்றிச் சபையில் பேசுவாராயின், அது ஆயருடைய அருளுரையைவிட ஆழமாய்ப் பதியும். அன்றியும், பிள்ளைகள் விளையாடச் செல்லும் வீட்டாரிடம் துப்பாக்கி பூட்டப்பட்டுள்ளதா என்று பெற்றோர் தயக்கமின்றிக் கேட்கும் வழக்கத்தைச் சபை ஊக்குவிக்கலாம்.

மூன்றாவது, இல்லறத்தில் கொடுமைக்குட்படும் பெண்ணைச் சந்திக்கையில், அவ்வீட்டில் ஆயுதம் இருத்தல் மரண ஆபத்தின் அறிகுறி என்பதை ஆயர் உணரவேண்டும். பொறுத்துப்போ என்னும் ஆலோசனை அத்தகைய வேளையில் உயிருக்கே கேடாய் முடியலாம்.

நான்காவது, அச்சத்தைக் குறித்து ஆயர் நற்செய்தியைப் பிரசங்கிக்கவேண்டும். ஆயுதம் வாங்குகிறவன் பாதுகாப்பை மட்டும் வாங்குவதில்லை. பாதுகாப்பு உணர்வை வாங்குகின்றான். பாதுகாப்பும் பாதுகாப்பு உணர்வும் ஒன்றல்ல என்பதை மேலே கண்டோம். காக்கும் வல்லமையைப் படைக்கப்பட்ட ஒரு பொருளுக்கு உரியதாக்கி, அதன் பலிகளைக் காண மறுப்பதையே திருமறை விக்கிரக வழிபாடு என்கின்றது. இதைக் கடுமையோடு அன்று, அச்சமுற்றோரின் அருகில் அமர்ந்தே கூறவேண்டும்.

ஐந்தாவது, நம் நாட்டில் பணியாற்றும் ஆயர்களுக்குரியது. தமிழ்நாட்டு உழவரின் வீட்டில் துப்பாக்கி இல்லை. ஆனால் பூச்சிக்கொல்லி இருக்கின்றது. கடனாலோ, குடும்பச் சச்சரவாலோ, தேர்வில் தோல்வியாலோ மனமுடைந்த ஒரு வேளையில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் எத்தனை அடக்க ஆராதனைகளை நாம் நடத்தியிருக்கிறோம்! தமிழ்நாட்டின் சில சிற்றூர்களில் பூச்சிக்கொல்லிகளை வீடுகளில் வைக்காமல் பொதுக் காப்பிடத்தில் தனித்தனிப் பூட்டிய பெட்டிகளில் வைக்கும் முறை சோதித்துப் பார்க்கப்பட்டு, அது நடைமுறைக்கு இயலும் என்று 2013இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டிற்று. சிற்றூர்ச் சபைகள் இத்தகைய காப்பிடத்திற்கு இடந்தரலாம். பொறுப்பேற்க ஒருவரை நியமிக்கலாம். அறுவடை ஸ்தோத்திரப் பண்டிகையில் விளைச்சலுக்காக நன்றி கூறும் சபை, அவ்விளைச்சலுக்கென வாங்கிய நஞ்சு எங்கே வைக்கப்பட்டிருக்கின்றது என்றும் கேட்கட்டும்.

முடிவுரை

ஆயுதத்தைத் துறப்பதா, வைத்திருப்பதா என்னும் கேள்வியில் கிறிஸ்தவர் இன்னும் நெடுங்காலம் வேறுபடக்கூடும். அவ்விவாதம் நடைபெறவேண்டியதே, சிலுவையில் தம்மைக் காத்துக்கொள்ள மறுத்தவரைப் பின்பற்றுவோர் அதிலிருந்து விலகிச் செல்லமுடியாது. ஆனால் உபாகமத்தின் விதி விவாதத்தின் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. வீடு கட்டப்பட்ட அன்றே சுவரும் வேண்டும் என்கிறது. அச்சுவர் வீட்டுக்காரனுடைய பகைவனுக்காக எழுப்பப்படுவதன்று. அவன் நேசிக்கிறவர்களுக்காகவும், தன்னையே நேசிக்க இயலாமற்போகும் ஒரு கொடிய இரவில் அவனுக்காகவும் எழுப்பப்படுவது. வீடுகளைச் சந்திக்கும் ஆயர் அவ்வீட்டாருக்காக மன்றாடுவதோடு, அங்கே சுவர் உண்டா என்றும் கேட்பாராக.